தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு மாஸ்டடான் சர்வர்: ஆள் சேர்ப்பதிலிருந்து அப்பீல் வரை முழு வழிகாட்டி

ட்விட்டர் போன்ற தளத்தை நாமே நடத்த உதவும் மென்பொருள் மாஸ்டடான். அதன் சர்வரை நிறுவ ஒரு சனி, ஞாயிறு போதும். அதில் வெடிக்கும் முதல் சாதிச் சண்டையைக் கையாள நான்கு பேர் வேண்டும். அந்த நால்வர் கையிலும் முன்கூட்டியே எழுதிய விதிகள் இருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் சர்வருக்குச் சில பத்திகள்தான், மீதி எல்லாம் மட்டுறுத்தல். எந்தப் பதிவு இருக்கலாம், எது போக வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்ற வேலைக்குத்தான் அந்தப் பெயர்.

மாற்றுச் சமூக வலைத்தளங்களைப் பற்றி ஒரு சின்ன முன்கதை. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அதைக் கண்டித்து இந்தியர்கள் பலர் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் அடுத்த அலை. நம் பக்கத்தில் பெங்களூரிலிருந்து இயங்கிய கூ என்ற சமூக வலைத்தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் கையில் எல்லாம் இருந்தால், நிறுவனத்தோடு தளமும் போய்விடும். மாஸ்டடான் 2016இல் ஆய்கன் ரோக்கோ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்து நடத்தலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். இப்படி இணைந்த சர்வர்களின் கூட்டத்தை ஃபெடிவர்ஸ் என்கிறார்கள்.

‘கட்டுப்பாடே இல்லாத தளம்’ என்று சொல்லிக்கொண்ட கேப் 2019இல் இதே மென்பொருளுக்குத்தான் மாறியது. ஃபெடிவர்ஸில் பெரும்பாலான சர்வர்கள் அதைத் தடுத்துவிட்டன. டிரம்ப்பின் ட்ரூத் சோஷியலும் மாஸ்டடான் நிரலின் மேல்தான் கட்டப்பட்டது. நிரல் ஒன்றுதான், நடத்துகிற ஆட்கள் வேறு. எந்தப் பேச்சு தங்கும், எது போகும் என்பதை முடிவு செய்தவர்கள் அந்த ஆட்கள்தான்.

புளூஸ்கை என்ற இன்னொரு மாற்றுத் தளத்தைத் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்பார்கள். 2024 மார்ச் முதல் அங்கே யாரும் பதிவுகளுக்கு எச்சரிக்கை முத்திரை குத்தும் சேவை நடத்தலாம், பயனர் தனக்குப் பிடித்த சேவையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அடிப்படை மட்டுறுத்தல் இன்னும் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பாலக்கோட்டில் ஒருவர் ‘அந்தத் தெரு ஆளுங்க’ என்று எழுதினால் அதன் பொருள் அவர்களுக்கு எட்டாது. இரண்டு மாவட்டத்துக்கான தளம் என்றால் மாஸ்டடான்தான் எங்கள் பரிந்துரை.

முதலில் ஆட்கள்

டொமைன் (தளத்தின் இணைய முகவரி) வாங்கும் முன் நான்கு பேரைச் சேருங்கள். சுமார் 300 பயனர் வரை நால்வர் தாங்குவார்கள். ஒருவராவது ஓசூர், தளி பக்கத்து ஆளாக, தெலுங்கும் கன்னடமும் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். கிருஷ்ணகிரி நகரத்தில் உருதுப் பதிவுகளும் வரும், அதைப் படிக்க அழைத்தால் வரக்கூடிய ஒருவர் வேண்டும். குழுவில் பெண்ணும் தலித்தும் இல்லையென்றால் தொடங்காதீர்கள். வசவு யாரைக் குத்துகிறது என்பது வாங்குகிறவருக்குத்தான் உடனே புரியும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். தேர்தல் மாதத்தில் அவர்கள் எடுக்கும் சரியான முடிவைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

வாரத்துக்கு இருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, அவசரத்துக்கு இன்னொருவரிடமும் நுழைவு இருக்க வேண்டும். மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களுக்கு வைத்திருக்கும் சர்வர் உடன்படிக்கையே இதைக் கேட்கிறது. நால்வருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஒருமுறை எண்ணும் கேட்பது) கட்டாயம்.

சர்வர்

4 ஜிபி ராம், 2 சிபியு, 80 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்), அதில் உபுண்டு அல்லது டெபியன் இயங்குதளம். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்கும் நேரத்தில் மூச்சுத் திணறும். உள்ளே ஐந்து பாகங்கள்: பக்கங்களைத் தரும் வெப், உடனுக்குடன் புதுப்பிக்கும் ஸ்ட்ரீமிங், பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், வேலை வரிசையை வைத்திருக்கும் ரெடிஸ். முன்னால், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ். இந்தப் பாகங்களை ஒன்றாக ஓட்டும் டாக்கர் கம்போஸ் கோப்பு மாஸ்டடானுடனேயே வருகிறது, அதைப் பயன்படுத்தினால் மாஸ்டடான் எழுதப்பட்ட ரூபி மொழியின் பதிப்புத் தொல்லை இல்லை.

பதற்றமில்லாமல் யோசிக்க வேண்டிய இடம் டொமைன். அமைப்புக் கோப்பில் லோக்கல் டொமைன் என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொருவரின் முகவரியும் அதை ஒட்டித்தான் வெளியே போகும். ஒரு முறை மற்ற சர்வர்களோடு பேசிவிட்டால் பிறகு மாற்றவே முடியாது. ‘சோதனைக்கு’ என்று ஏதோ ஒரு பெயரில் தொடங்காதீர்கள். பயனர் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும், காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். சேர வருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது மின்னஞ்சல். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை மூடி வைத்திருக்கும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகவே போகாது. தனி மின்னஞ்சல் சேவை ஒன்றை 587ஆம் போர்ட்டில் இணைத்து, அஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சேருங்கள். இரண்டாவது வட்டு. உங்கள் ஆட்கள் பின்தொடரும் வெளியூர்க் கணக்குகளின் படங்களும் வீடியோக்களும் உங்கள் வட்டில் வந்து சேரும். நிர்வாகப் பக்கத்தில் உள்ளடக்கத் தக்கவைப்பு என்ற அமைப்பில் 7 நாள் என்று வையுங்கள். வட்டு நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும், தளமே படுத்துவிடும். மூன்றாவது நகல். தரவுத்தளத்தைத் தினமும் வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள், கூடவே அமைப்புக் கோப்பையும். அதிலுள்ள ரகசியச் சாவிகள் தொலைந்தால் தரவுத்தளம் இருந்தும் எல்லோருடைய இரண்டடுக்குச் சரிபார்ப்பும் உடைந்துவிடும்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தால் அன்றே போடுங்கள். 2023 ஜூலையில், படக் கோப்பு ஒன்றை அனுப்பியே சர்வரில் கண்ட இடத்தில் கோப்பு எழுத முடிகிற கடுமையான ஓட்டை சரிசெய்யப்பட்டது. அப்படி ஒன்று வந்தால் ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்று தள்ளக் கூடாது.

வாசலில் ஒரு கேள்வி

பதிவு செய்வதை ‘ஒப்புதல் தேவை’ என்ற நிலையில் வையுங்கள். கேள்வி ஒன்றே போதும்: எந்த ஊர், எதற்காகச் சேருகிறீர்கள்? ‘அரூர், மரவள்ளி விலை பார்க்க’ என்று எழுதுகிறவரை உள்ளே விடலாம். வெற்றாக விட்டவரையும், விளம்பர வரியை ஒட்டியவரையும் விட வேண்டாம். வயது 18. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி 18க்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும். சின்னக் குழுவால் அது ஆகாது.

இன்னொன்றையும் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்: தனிக் குறிப்பு என்று அனுப்புவது முழு மறையாக்கம் பெற்றதல்ல. தரவுத்தளத்தைத் திறக்கும் உரிமை உள்ளவரால் அதைப் படிக்க முடியும். ரகசியம் பேச வேறு செயலி பயன்படுத்தச் சொல்லுங்கள்.

விதிகள்

மாஸ்டடானில் சர்வர் முழுக்கச் சொற்களை வடிகட்டும் வசதியை நம்ப முடியாது. சொல் வடிகட்டி பயனர் தனக்காக வைத்துக்கொள்வதுதான். அப்படியே இருந்தாலும் நம் வசவுகள் பாதி ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் வரும். ஆகவே மனிதர் படித்து முடிவெடுக்கத்தான் விதிகள். ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு வரி, தமிழில்.

சாதி பற்றிய விதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. ‘சாதிப் பெயர் எழுதக் கூடாது’ என்று விதி வைத்தால் முதலில் வாய் மூடப்படுவது பாதிக்கப்பட்டவர்தான். எந்தச் சாதிக்காரர் அடித்தார், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவர் பெயர் சொல்லித்தான் எழுத முடியும். எங்கள் வாசகம் இது: ‘ஒரு சாதியை, தெருவை, ஊரை இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் கூடாது, நடந்த கொடுமையைப் பெயர் சொல்லி எழுதலாம்.’ வீரவசனப் பாட்டு, வாள், சிலை, ஊர்வல பைக் என்று வரும் வீடியோக்களில் வசவு எதுவும் இருக்காது. ஆனால் சண்டை நடந்த வாரத்தில், அந்த ஊரின் பெயரோடு வந்தால் அது மிரட்டல். தேதியையும் ஊரையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதாக வரும் எந்தப் பதிவையும் உடனே நீக்குங்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அந்த விளம்பரம், இணையத்தில் வந்தாலும், குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். யாரும் நேரடியாக எழுத மாட்டார்கள். ‘ஸ்கேன் பார்க்கணும்னா இன்பாக்ஸ் வாங்க’ என்றுதான் வரும்.

குழந்தைத் திருமணத்தைக் கண்டித்துப் போடும் பதிவிலும் சிறுமியின் முகம், பெயர், பள்ளி இருக்கக் கூடாது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் அடையாளம் வெளியானால் அவதிப்படப்போவது அந்தப் பெண்தான். பதிவை எடுத்துவிட்டு, போட்டவரிடம் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லச் சொல்லுங்கள்.

யானை விஷயத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ராகி முற்றும் பருவத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ‘எங்கள் ஊர் ஏரிப் பக்கம் யானை வந்திருக்கிறது’ என்ற எச்சரிக்கை உயிரைக் காக்கும். அதே தகவல் நேரலை வீடியோவாகவும் வரைபடப் புள்ளியாகவும் வந்தால் செல்ஃபிக் கூட்டத்தைக் கூட்டிவிடும். ஊர்ப் பெயர் அளவில் எச்சரிக்கை சரி, நேரலையும் துல்லிய இடமும் வேண்டாம் என்று வையுங்கள்.

வதந்திக்கு ஒரு விதி போதும்: ஆதாரம் எங்கே? 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியால் தமிழ்நாட்டில் ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஒகேனக்கல்லில் வெள்ளம் என்று பழைய வீடியோ ஒவ்வொரு ஆண்டும் சுற்றும். கன அடி எண் எழுதினால் தேதியும் நேரமும் யார் சொன்னது என்பதும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு புகாரைப் படிப்படியாகப் பார்ப்போம்

இரவு 9 மணி. ஒரு பெண்ணின் படம், பக்கத்தில் ஓர் இளைஞரின் படம். ‘இவங்களைக் காணோம். பெங்களூர் பஸ்ல பார்த்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. பெத்தவங்க அழுதுட்டு இருக்காங்க.’ கீழே கைபேசி எண். பதினைந்து நிமிடத்தில் நாற்பது பேர் பகிர்ந்துவிட்டார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான். யாரோ ஒருவர் ‘விதி மீறல்’ என்று புகார் தட்டியிருக்கிறார்.

இது காணாமல் போனவரைத் தேடும் அறிவிப்பாக இருக்கலாம், சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை வேட்டையாடும் அறிவிப்பாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காவல் நிலைய எண். உண்மையான தேடல் அறிவிப்பில் நிலையத்தின் பெயரும், சிஎஸ்ஆர் (புகார் ரசீது) அல்லது எஃப்ஐஆர் எண்ணும், நிலையத்துத் தொலைபேசியும் இருக்கும். வீட்டாரின் சொந்த எண் மட்டும் இருந்தால் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விசாரியுங்கள். தவறாக எடுத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் போடலாம். தவறாக விட்டுவைத்தால் திருத்த வழியில்லை.

நீக்குவதற்கு முன் பதிவின் முகவரி, நேரம், முழுப் படம் மூன்றையும் பூட்டிய கோப்புறையில் சேமியுங்கள். இணையத் தளங்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நீக்கியதை 180 நாள் வைத்திருக்க வேண்டும், மாஸ்டடான் தானாக அவ்வளவு நாள் வைத்திருக்காது. அடுத்து புகார்ப் பக்கத்தில் ‘பதிவை நீக்கு’. கணக்கின் மேல் ‘ஃபிரீஸ்’ போடுங்கள். அவரால் புதிதாக எழுத முடியாது, பழையது அப்படியே இருக்கும். பின்தொடராதவர்களிடமிருந்து மறைக்கும் ‘லிமிட்’ இந்த இடத்துக்குப் பொருந்தாது, பின்தொடர்பவர்களுக்குப் பதிவு தெரிந்துகொண்டே இருக்கும். ‘சஸ்பெண்ட்’ கடைசி ஆயுதம், 30 நாளில் கணக்கின் தரவு அழிந்துவிடும்.

போட்டவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: ‘காவல் நிலையத்தின் பெயரும் புகார் எண்ணும் அனுப்பினால் மறுபடி வெளியிடுகிறோம். இருவரும் மேஜர் என்றால் அவர்கள் இருப்பிடத்தைத் தேடுவதற்கு இந்தத் தளம் உதவாது.’ பதிவிலேயே மிரட்டல் இருந்தால் எஸ்பி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். சாதி மாறித் திருமணம் செய்தவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குத் தெளிவாகவே உத்தரவிட்டிருக்கிறது.

வேலை இத்தோடு முடியாது. அந்த நாற்பது பகிர்வில் சில வெளி சர்வர்களுக்குப் போயிருக்கும். நீங்கள் நீக்கினால் ‘அழித்துவிடு’ என்ற செய்தி அங்கே போகும், கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம். முக்கியமான இரண்டு மூன்று சர்வர்களின் நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதுங்கள். பதிவே வெளி சர்வரிலிருந்து வந்ததாக இருந்தால், உங்கள் பக்க நகல் மட்டும்தான் போகும். புகாரை அந்த சர்வருக்கும் அனுப்பும் தேர்வை மறக்காமல் தட்டுங்கள்.

சட்டத்தின் பக்கம்

பத்துப் பேர் இருக்கும் சர்வரும் சட்டத்தின் கண்ணில் இடைத்தரகர்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்கு உங்களைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் ‘தெரிந்தும் நீக்கவில்லை’ என்று ஆகும் என்றது. அதன் பிறகு வழி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சகயோக் என்ற அரசுத் தளத்தின் வழியாக நீக்கச் சொல்வதை எதிர்த்து எக்ஸ் (முன்பு ட்விட்டர்) நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலே அதிகாரி ஒருவர் நீக்கச் சொல்லலாமா என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். அந்த அதிகாரம் பரவுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சர்வர் நடத்துகிறவர் நடைமுறையைத் தெரிந்து வைத்திருந்தே ஆக வேண்டும்.

குறை தீர்ப்பாளர் ஒருவரின் பெயரும் தொடர்பும் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இருக்க வேண்டும். 2021இல் வந்தபோது விதிகள் கேட்டது, புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும், உத்தரவு வந்தால் 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று. இந்தக் கெடுக்கள் திருத்தப்பட்டு வருகின்றன. தொடங்கும் அன்று மின்னணு அமைச்சகத்தின் தளத்தில் நடப்பு வடிவத்தை இறக்கி, கெடுக்களைத் தாளில் எழுதிக் குழுவுக்குக் கொடுங்கள். அந்தரங்கப் படம் பற்றிய புகாருக்கு எந்தக் கெடுவையும் பார்க்காதீர்கள், கண்ட நிமிடமே எடுங்கள். சர்வர் ஊடுருவப்பட்டால் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும்.

போனில் ‘ஸ்டேஷன்லருந்து பேசறோம், அந்தப் பதிவை எடுங்க’ என்று வந்தால் மரியாதையாக ஒன்றைக் கேளுங்கள்: ‘சார், அரசு மின்னஞ்சலிலிருந்து, சட்டப் பிரிவு போட்டு எழுதி அனுப்பிடுங்க, உடனே பார்க்கிறோம்.’ எழுத்து வந்தால் நேரம் குறித்துச் செய்யுங்கள். பாதி அழைப்புகள் எழுத்தாக வராது. பயனரின் ஐபி முகவரியை வாய்வழியாக யாருக்கும் கொடுக்கக் கூடாது.

குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் படங்களுக்குத் தனி நடைமுறை வேண்டும். வெளி சர்வரிலிருந்து தானாக வந்து உங்கள் வட்டில் அமர்ந்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சேமித்து வைப்பதும் குற்றம் என்று உறுதிப்படுத்தியது. அத்தகைய சுரண்டலைத் தெரிவிக்காத தளத்துக்கு 79ஆம் பிரிவின் காப்பு கிடையாது என்றும் சொன்னது. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், குழுவில் பகிராதீர்கள். முகவரியையும் நேரத்தையும் மட்டும் குறித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தெரிவித்து, அது வந்த சர்வரை முழுதாகத் தடுத்துவிடுங்கள்.

மற்ற சர்வர்களைத் தடுப்பது

இணையத்தில் ஆயத்தத் தடைப் பட்டியல்கள் கிடைக்கும், மாஸ்டடானில் நேரே ஏற்றலாம். ஏற்றும் முன் ஒவ்வொரு வரியின் காரணத்தையும் படியுங்கள். எங்கோ யாருக்கோ நடந்த தகராறில் தமிழர்கள் அதிகமுள்ள நல்ல சர்வர் ஒன்று அதில் இருக்கக்கூடும். முழுத் தடை போட்டால் இரு பக்கமும் பின்தொடர்தல்கள் அறுந்துவிடும், பிறகு தடையை எடுத்தாலும் அவை திரும்பி வராது. சந்தேகம் இருந்தால் முதலில் ‘லிமிட்’, படங்கள் மட்டும் தொல்லை என்றால் ‘மீடியா மறுப்பு’. காரணத்தைப் பொதுவில் எழுதி வையுங்கள்.

அப்பீல்

நடவடிக்கைக்கு ஆளானவர் 20 நாளுக்குள் மாஸ்டடானிலேயே மேல்முறையீடு செய்யலாம். முதலில் முடிவெடுத்தவர் அதைத் தொடக் கூடாது. நால்வர் தேவை என்றதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பீலில் மாற்றினால் ‘தவறாக எடுத்துவிட்டோம், திரும்ப வைக்கிறோம்’ என்று தமிழில் நேராக எழுதுங்கள். மாதம் ஒரு முறை எத்தனை புகார், எத்தனை நீக்கம், எத்தனை அப்பீல், எத்தனையில் முடிவு மாறியது என்று பெயர் இல்லாமல் எண்களை மட்டும் வெளியிடுங்கள்.

மூட வேண்டி வந்தால்

பணமோ ஆளோ தீர்ந்துபோகலாம். சர்வர் உடன்படிக்கைப்படி குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அறிவித்த அன்றே புதிய சேர்க்கையை நிறுத்துங்கள். பயனர் தன் கணக்கை வேறு சர்வருக்கு நகர்த்தினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பதிவுகள் வராது. ஆகவே முதல் வாரத்திலேயே அமைப்புகளில் ‘ஏற்றுமதி’ பக்கத்தைத் திறந்து காப்பகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 7 நாளுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும், படங்கள் அதிகமுள்ளவருக்குக் கோப்பு தயாராக நேரம் பிடிக்கும். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் சைட்கிக் வரிசை தேங்கிவிடும். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று ஊர்வாரியாகப் பிரித்து நாள் ஒதுக்கிக் கொடுங்கள்.